பழைய வழக்கும் புதிய உத்தியோகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பட்டதாரி மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

பட்டப் படிப்பை இன்னும் முடித்திராத ஒருவன் இத்துணை பெரியோர் நடுவே எழுந்து நிற்பது சிறிது துணிச்சலான காரியந்தான். "இளைஞரும் அரசாங்க உத்தியோகமும்" என்னும் பொருளைப் பற்றி இருபது நிமிடம் பேசவேண்டும் என்று செயலாளர் அண்ணர் கட்டளையிட்டார். அப்பொருளில் வழக்கமாகச் சொல்லப்படுவன எல்லாம் நீங்கள் அறிந்தவையே. ஊக்கமாய்ப் படியுங்கள், ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் கைவிடாதீர்கள், வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள் என்று சென்ற ஆண்டு இதே மேடையில் பேசியவர் அழகாகச் சொல்லிவிட்டார். அவரோடு போட்டியிட என்னால் ஆகாது. ஆதலால் விண்ணப்பப் படிவத்தில் காணப்படும் ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன்.

"நீர் எப்போதாவது யாதேனுமொரு குற்றத்துக்காக நீதிமன்றத்தினால் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டிருக்கிறீரா? ஆம் எனில், விபரம் தருக."

அக்கேள்வியை எனக்கு நன்றாய் அறிமுகப்படுத்தியவர் என் தாய்மாமனுடைய மகன். எனக்கு மச்சான் முறை; என்னிலும் பத்து வயது மூத்தவர். அவருடைய உத்தரவைப் பெற்றே இதைச் சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லாவிட்டாலும் இந்த ஊரில் உங்களுக்குத் தெரியாமற் போகாது. தெரியாதவர் போல இருந்துவிடும்படி வேண்டுகிறேன்.

மச்சானுக்குப் பத்தொன்பது வயதாயிருக்கும்போது அயலூர் மைதானம் ஒன்றிலே உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தது. மத்தியஸ்தரின் தீர்ப்பைப் பற்றி வாய்ச்சண்டை எழுந்து கைச்சண்டையாயிற்று. எவனோ எறிந்த கல் ஒரு வானின் கண்ணாடியை உடைத்தது. பொலிசார் வந்து ஐந்து பேரைக் கொண்டு போனார்கள். அவர்களுள் மச்சானும் ஒருவர். கல்லை எறிந்தது தாமல்லர் என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அதை விசாரிக்க நான் இங்கே வரவில்லை. வழக்குத் தவணைக்கு முதல் நாளிரவு வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு தண்டத்திலும் கூட. தவணைமேல் தவணை போட்டால் வேலை கெடும். ஆகவே, "குற்றத்தை ஒத்துக்கொள், தண்டத்தைக் கட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடு" என்று முடிவாயிற்று. அவ்வாறே செய்தார். ஆயிரத்தைந்நூறு ரூபாய் தண்டம். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தும் விட்டார். அன்றோடு வழக்கு முடிந்தது என்றே எல்லாரும் எண்ணினோம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. மச்சான் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானார். கணக்கெழுதும் உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பித்துப் பரீட்சையிலே சித்தியெய்தினார், நேர்முகத்திலும் தேறினார். அந்த வேலைத்தலம் காவல் போட்டிருக்கும் இடம். வாயிலில் நுழைவுச் சீட்டு இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஆகவே நியமனத்துக்கு முன் பாதுகாப்பு விசாரணைக்கென்று மற்றுமொரு படிவம் வந்தது. அதை நிரப்பித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். நான் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஆங்கிலமும் கையெழுத்தும் வடிவாயிருக்கும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

பெயர், பிறந்த திகதி, தகப்பனார் பெயர், கடந்த பத்தாண்டுகளில் குடியிருந்த விலாசங்கள் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனை நின்றது. மச்சான் என்னைப் பார்த்தார்; நான் அவரைப் பார்த்தேன். அடுக்களையிலிருந்த மாமிக்கு எப்படிக் கேட்டதோ அறியேன். "அதென்ன பெரிய வழக்கா மனே? இல்லை எண்டு போடு," என்றார். நானும் "இல்லை" என்று எழுதினேன். மூன்றே எழுத்து. என் கையாலேதான் எழுதினேன்.

நாலு மாதத்தின் பின் கடிதம் வந்தது. அதிலே, நீர் தண்டம் கட்டியவர் ஆகையால் உமக்கு வேலை இல்லை என்று இருக்கவில்லை. பிழையான தகவல் வழங்கியபடியால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றே இருந்தது. அக்கடிதத்தைப் படித்து முடித்த அன்று நான் மாமி வீட்டில் தேநீர் குடிக்கவில்லை.

அதன் பிறகே இவ்விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்கு விளங்கியவற்றைச் சொல்கிறேன்.

நமது நாட்டில் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பவர் சிறந்த நன்னடத்தை உடையவராய் இருத்தல் வேண்டும் என்பது வர்த்தமானியில் அடிக்கடி காணும் வாசகம். அது மெய்தானா என்பதைக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழாலும் பொலிஸ் அறிக்கையாலும் அறிகிறார்கள். பாதுகாப்போடு தொடர்புள்ள இடமாயின் விசாரணை இன்னும் ஆழமாகப் போகும். நாம் மறந்துவிட்டதைக் கொழும்பிலுள்ள பதிவு மறப்பதில்லை. கைவிரல் அடையாளத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கும் முறை நம் பக்கத்து நாட்டிலேயே முதன்முதலாக ஒரு தனி அலுவலகமாக அமைந்தது என்பது உங்களிற் பலருக்குப் புதிதாயிருக்கலாம். 1897இல் கல்கத்தாவில் அது நிறுவப்பட்டது. எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயரின் பெயரால் அம்முறை உலகெங்கும் வழங்கினாலும், அதற்கான கணக்கை வகுத்துக் கொடுத்தவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய உத்தியோகத்தர்கள். பெயர் ஒருவருக்கு, உழைப்பு வேறு இருவருக்கு. இது இடையில் வந்த பேச்சு, விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

பழைய தண்டனை ஒன்று எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும்? இதுவே முக்கியமான கேள்வி. இலங்கையின் அரசியலமைப்பிலே இதற்கு ஓரிடத்தில் விடை உண்டு. ஆனால் அது உத்தியோகத்தைப் பற்றியதன்று. 89ஆம் உறுப்புரையைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் ஒன்றுக்காக, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனையை அனுபவித்து முடித்தவர், முடித்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு வாக்காளராகும் தகுதியை இழக்கிறார். வாக்காளராகத் தகுதியில்லாதவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் இயலாது. ஏழு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை தானாகவே நீங்கிவிடும். அதாவது, உண்மையாகவே மறியலில் கிடந்து வந்த ஒருவர், ஏழு ஆண்டு பொறுத்திருந்தால், இந்த நாட்டின் சட்டங்களை இயற்றும் சபையிலே போய் அமரலாம். தண்டம் மட்டும் கட்டிய என் மச்சானுக்கோ அந்தச் சபையில் அமர ஒரு நாளும் தடை இருந்ததில்லை. ஆனால் கணக்கெழுதும் உத்தியோகத்துக்கான படிவத்தில் உள்ள "எப்போதாவது" என்னும் சொல்லுக்கு ஏழு ஆண்டும் இல்லை, எழுபது ஆண்டும் இல்லை. இன்ன காலத்துக்குப் பிறகு பழைய தண்டனையைச் சொல்லவேண்டியதில்லை என்று வகுக்கும் சட்டம் நம்மிடத்தில் இல்லை.

பெரிய இடத்து வழக்குகளிலே இந்தச் சொல் எப்படி உருகிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்காகக் குற்றவியல் நீதி ஆணைக்குழுவினால் தண்டிக்கப்பட்ட றோகண விஜேவீர 1977இல் விடுதலையானார். அந்த ஆணைக்குழுச் சட்டமே நீக்கப்பட்டது. 1982இல் அவர் ஜனாதிபதித் தேர்தலில் நின்று மூன்றாம் இடத்துக்கு வந்தார். சரத் பொன்சேகாவுக்கு 2010 செப்டெம்பரில் இராணுவ நீதிமன்றம் 30 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பாராளுமன்ற ஆசனமும் போயிற்று. 2015 ஜனவரியில் புதிய ஜனாதிபதி முழு மன்னிப்பு வழங்கினார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவர் பீல்ட் மார்ஷலாக உயர்த்தப்பட்டார். அவருடைய வழக்கிலே நியாயம் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. மன்னிப்பு என்னும் ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதையே காட்டுகிறேன்.

இதனிலும் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. கொலைக் குற்றத்துக்காக 2016இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2018இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்திய முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 ஜூனில் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்தது. அடுத்த மாதமே அவர் தேசிய வீடமைப்பு அதிகார சபையின் தலைவராக நியமிக்கப்பட்டார். அந்த மன்னிப்புச் செல்லாது என்று 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தீர்த்தது நல்ல காரியம். ஆனால் இடைப்பட்ட நாட்களில், அந்தச் சபையிலே ஒரு சாதாரண எழுதுவினைஞராகச் சேர விரும்பிய ஏழைப் பிள்ளைக்கு எத்தனை பேருடைய நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்க. மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு கார்டினர் பிரபு தலைமையில் ஒரு குழு இதே பிரச்சினையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1974இல் குற்றவாளிகள் புனர்வாழ்வுச் சட்டம் வந்தது. அச்சட்டம் முதலில் வகுத்தபடி, தண்டம் மட்டும் கட்டியவர் ஐந்து ஆண்டு மறு குற்றமின்றி வாழ்ந்தால் அவருடைய தண்டனை செலவாகிப் போனதாகக் கருதப்படும். "செலவாகிப் போன தண்டனை" என்ற சொற்றொடரைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. கையில் வைத்திருந்த காசைப் போலத் தண்டனையும் செலவாகித் தீர்ந்துவிடுமாம்! அதன் பிறகு எவரேனும் கேட்டால், அப்படியொன்றும் இல்லை என்று சொல்லச் சட்டமே இடங்கொடுக்கிறது. பின்வந்த திருத்தங்களால் இக்காலங்கள் இன்னும் குறைக்கப்பட்டன. சிங்கப்பூரிலும் 2005 முதல் இதை ஒத்த ஏற்பாடு உண்டு. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ இரண்டாயிரம் டொலருக்கு மேற்படாத தண்டமோ பெற்றவர், ஐந்து ஆண்டு குற்றமின்றி இருந்தால் அவருடைய பதிவு செலவானதாகும்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தை நன்கு கவனிக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டம் தேசப் பாதுகாப்பு உத்தியோகங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அரசாங்க இரகசியங்களைக் கையாளும் பதவிக்கு ஆளை ஆராயும்போது செலவான தண்டனையையும் கேட்கலாம். கேட்டால் சொல்லியே தீரவேண்டும். கடைக்காரரிடம் மறைக்கலாம், அரசாங்கத்தின் பாதுகாப்பு விசாரணையில் மறைக்கலாகாது. ஆனால் சொன்னவுடனே கதவு மூடப்படும் என்பதும் இல்லை. எவ்வளவு காலத்துக்கு முந்தியது, எந்த வயதில் நடந்தது, அதன் பின் எப்படி வாழ்ந்தார் என்பவற்றை எடைபோட்டுப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

அமெரிக்கர் இதில் பட்டுத் தெளிந்தவர்கள். 2000ஆம் ஆண்டில், செனட்டர் சிமித் என்பவரின் பெயரால் வழங்கும் திருத்தமொன்றைக் கொண்டுவந்தார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை எப்போதாவது விதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இரகசிய அனுமதி கிடையாது என்றது அத்திருத்தம். சிறைக்கே போகாமல் ஒத்திவைத்த தண்டனை பெற்றவரும் அந்த வலையில் அகப்பட்டனர். வாலிபத்தில் நேர்ந்த பிழைக்குப் பின் பல்லாண்டு நேர்மையாய் உழைத்து வந்தவர்களும் அனுமதியை இழந்தார்கள். எட்டு ஆண்டுக்குப் பின், 2008இல், செனட்டர் பொண்ட் கொண்டுவந்த திருத்தத்தால் அது தளர்த்தப்பட்டது. ஓராண்டேனும் மெய்யாகச் சிறையிலிருந்தவருக்கே அந்தத் தடை. அதுவும் மிக உயர்ந்த இரகசியங்களுக்கு மாத்திரமே. அதற்கும் விதிவிலக்குக் கொடுக்கலாம் என்றாயிற்று. 2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அவர்களுடைய வழிகாட்டியிலே பதின்மூன்று தலைப்புகள் இருக்கின்றன. குற்றச் செயல் ஒரு தலைப்பு. பொய் சொல்லுதலும் மறைத்தலும் வேறொரு தலைப்பில் வருகின்றன. குற்றத்தைக் காலமும் நன்னடத்தையும் கழுவும் என்று ஒத்துக்கொள்ளுகிறார்கள். இத்தனை ஆண்டு என்று எண் குறிக்கவில்லை. ஆளை முழு மனிதனாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய கோட்பாடு. படிவத்தில் இன்று எழுதும் பொய்யோ பழையதன்று. அதைக் கழுவக் காலம் இன்னும் தொடங்கவேயில்லை.

இதைப் படித்தபோதுதான் எங்களுக்கு வந்த கடிதத்தின் பொருள் எனக்கு முழுவதும் விளங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கு முந்திய கல் மச்சானை விழுத்தவில்லை. அன்று மேசையிலிருந்து நான் எழுதிய மூன்று எழுத்தே விழுத்தியது.

இனி இந்தியாவிலே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். அது ஏறக்குறைய எங்கள் கதையே. டெல்லிப் பொலிசில் எழுத்து வேலை பார்க்கும் தலைமைக் காவலர் பதவிக்கு 1999இல் ஓர் இளைஞர் விண்ணப்பித்தார். அவர் ஏறக்குறைய இருபது வயதில் ஒரு குடித்தனத் தகராற்றிலே அடிதடி வழக்கில் அகப்பட்டு, பின் சமாதானமாகி விடுதலையானவர். முன் எப்போதாவது கைதானீரா, வழக்கு உண்டா என்ற கேள்விக்கு, "இல்லை" என்று எழுதிவிட்டார். பரீட்சையெல்லாம் தேறிய பின், 2001இல் நிரப்பிய இரண்டாவது படிவத்தில் தாமாகவே உண்மையைச் சொன்னார். முதலில் மறைத்தபடியால் வேலை இல்லை என்றார்கள். வழக்கு உயர்ந்து உயர்ந்து, 2011 மார்ச் 17இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு முன் வந்து, அந்த இளைஞர் பக்கம் தீர்ந்தது. வாலிப வயதில் செய்யும் சிறு பிழைக்காக ஒருவருக்கு ஆயுள் முழுதும் குற்றவாளிப் பட்டம் கட்டலாகாது என்பது நீதியரசர் மார்க்கண்டேய கட்ஜு அவர்களுடைய கருத்தின் சாரம்.

அத்தீர்ப்பில் அவர் இரண்டு உதாரணங்களை எடுத்தார். ஒன்று விக்டர் ஹியூகோவின் ஜீன் வால்ஜீன். அக்கதையை நான் ஆங்கிலச் சுருக்கத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பெரியவர்கள் அதனைச் சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பில் "ஏழை படும் பாடு" என்ற பெயராலே அறிவீர்கள். 1950இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் விடாமல் துரத்தும் பொலிஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, சாகும்வரை ஜாவர் சீதாராமனாகவே இருந்தார். ஒரு ரொட்டிக்காக மறியலுக்குப் போனவன் வெளியே வந்த பின்னும், மஞ்சள் நிறக் கடவுச்சீட்டைக் காட்டாமல் ஒரு சத்திரத்திலும் படுக்க முடியவில்லை. நம்முடைய படிவத்தில் இருக்கும் கேள்விக்கும் அந்த மஞ்சள் கடதாசிக்கும் அதிக தூரம் இல்லை.

மற்ற உதாரணம் மாணவர்களாகிய நமக்கு இன்னும் கிட்டியது. 1970ஆம் ஆண்டு, தங்கள் தாய்மொழிக்கு உரிமை வேண்டுமென்று வேல்ஸ் நாட்டு மாணவர் சிலர் இலண்டன் நீதிமன்றத்துக்குள் நுழைந்து, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கோஷமிட்டுப் பாட்டுப் பாடினார்கள். மன்னிப்புக் கேளாதவருக்கு மூன்று மாத மறியல். அவர்கள் மேன்முறையீடு செய்தபோது, தண்டித்தது சரியே என்று சொன்ன டெனிங் பிரபு, அவர்கள் கொடியவர் அல்லர், மொழிப் பற்றினாலே செய்தவர் என்று எண்ணி, நன்னடத்தைப் பிணையில் விடுதலை செய்தார்.

இந்த 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கண்டதும் நான் துள்ளிக் குதித்து மச்சானிடம் ஓடினேன். ஆனால் அரைகுறைப் படிப்பு ஆபத்தானது. அதற்குப் பின் 2016 ஜூலை 21இல் மூன்று நீதியரசர்கள் கூடி, முன்பின் முரணாய் வந்த தீர்ப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் சொன்னது என்ன? விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாயிருக்க வேண்டும். வாலிபத்தில் கோஷமிட்டது போன்ற அற்பமான வழக்காயின், மறைத்ததை அதிகாரி தம் விவேகத்தால் பொறுத்துக்கொள்ளலாம். அற்பமல்லாத குற்றத்துக்குத் தண்டனை பெற்று அதனை மறைத்திருந்தால் நியமனத்தை நீக்கலாம். உண்மையைச் சொன்னாலுங்கூட, அந்த ஆள் பொருத்தமானவரா என்று பார்க்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று வற்புறுத்த முடியாது. ஆகவே பொறுத்துக்கொள்வது அதிகாரியின் கையில். சட்டப்படி நாம் கேட்டு வாங்கும் உரிமை அன்று. அதுவும் இந்தியத் தீர்ப்பு; நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

இச்சபையில் உள்ள பெரியவர் ஒருவர் நேற்று என்னிடம், "தம்பி, அரசாங்கம் தன் வாசலைக் காப்பாற்றத் தேவையில்லையா?" என்று கேட்டார். தேவைதான் ஐயா. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி காலை மட்டக்களப்பு நகரிலே சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்பட எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதை நாம் கண்ணாற் கண்டவர்கள். அந்த நாளின் பின், வாயிற்காவல் வேண்டாம் என்று சொல்ல இந்த மாவட்டத்தில் எவருக்கும் வாய் வராது. நான் கேட்பது, உள்ளே வருபவரை ஆராயவேண்டாம் என்றன்று. ஆராயும்போது எதை எடைபோடுகிறோம் என்பதே கேள்வி. உதைபந்தாட்டச் சண்டையில் தண்டம் கட்டிய பையனும், ஆயுதம் கடத்தியவனும் ஒரே "ஆம்" என்னும் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னாலே வரும் "விபரம் தருக" என்பதை யாராவது பொறுமையோடு வாசித்தாலன்றி வித்தியாசம் தெரியாது.

அரசாங்கம் மனம் வைத்தால் அப்படி வாசிக்க அதற்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2009இல் யுத்தம் முடிந்த பின் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு ஊடாக வெளியே வந்தார்கள். அவர்களிலே பலரை வன்னியிலே சிவில் பாதுகாப்புத் திணைக்களமே பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அதன் நோக்கத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுவர்; நான் அந்தப் பேச்சில் இறங்கவில்லை. துப்பாக்கி பிடித்தவரைத் தன் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலிலேயே சேர்க்கத் துணிந்த ஓர் அரசாங்கத்துக்கு, கல்லெறிச் சண்டையில் தண்டம் கட்டியவரை எடைபோட்டுப் பார்ப்பது இயலாத காரியமா என்பதே என் கேள்வி.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இதையே இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். பழைய தண்டனை பன்னிரண்டு ஆண்டின் பின் படிவத்தில் பிறப்பதன்று. வழக்குத் தவணையின் முதல்நாள் இரவிலேயே, வீட்டு விறாந்தையிலே, "ஒத்துக்கொண்டு கட்டிவிட்டு வா" என்று சொல்லும்போதே பிறந்துவிடுகிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலே 306ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. குற்றம் நிரூபணமாயிற்று என்று நீதவான் கருதினாலுங்கூட, ஆளின் வயதையும் முன்னடத்தையையும், குற்றத்தின் அற்பத்தன்மையையும் நோக்கி, குற்றவாளியெனத் தீர்க்காமலே எச்சரித்து விடவோ, நன்னடத்தைப் பிணை எழுதுவித்து விடவோ அப்பிரிவு அதிகாரம் தருகிறது. அது நீதவானுடைய மனத்தைப் பொறுத்தது; கேட்டவருக்கெல்லாம் கிடைப்பதன்று. ஆனால் கேளாதவருக்காக அதை எடுத்துச் சொல்ல எவருமில்லை. பத்தொன்பது வயது, முதல் வழக்கு, பள்ளிக்கூட அதிபரின் நற்சான்று கையிலே. இவ்வளவையும் எடுத்துச் சொல்ல அன்று ஒரு சட்டத்தரணி நின்றிருந்தால், மச்சான் பின்னாளில் "இல்லை" என்று எழுதியிருப்பது மெய்யாகவே இருந்திருக்கலாம். தண்டத்திலும் கூட என்று நாங்கள் கணக்குப் பார்த்த அந்தக் கூலிதான், இப்பொழுது நினைத்தால், மிக மலிவான கூலி.

இன்னுமொன்று. ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தவுடன் "ஒன்றும் இல்லாமல் விட்டுவிட்டார்கள்" என்று வெடி கொளுத்தியவரை நான் கண்டிருக்கிறேன். அது விட்டதன்று. குற்றவாளியெனத் தீர்த்த பின்னரே தண்டனையை ஒத்திவைக்கிறார்கள். படிவத்திலே அதற்கு விடை "ஆம்" தான். கேள்வியின் சொற்களையும் ஊன்றிப் படிக்க வேண்டும். "குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டீரா" என்பது ஒன்று. "கைது செய்யப்பட்டீரா", "குற்றஞ் சாட்டப்பட்டீரா" என்பன வேறு. விடுதலையானவர் முதற் கேள்விக்கு இல்லை என்று எழுதலாம். பின்னவற்றுக்கு அப்படி எழுதலாகாது. டெல்லி இளைஞர் இடறியது அவ்விடத்திலே.

தாய்மார்களே, மாமியைக் குறை சொல்வதாக எண்ணவேண்டாம். அவர் தம் பிள்ளைக்காகச் சொன்னார். எழுதியவன் நான், படித்தவனும் நான்.

இந்த ஆண்டு தை மாதத்தில் மச்சான் வேறொரு பதவிக்கு மறுபடியும் விண்ணப்பித்தார். பாதுகாப்பு விசாரணைப் படிவமும் வந்தது. இம்முறையும் என்னிடமே கொண்டுவந்தார். அதற்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டவன். அந்தக் கேள்விக்கு நேரே "ஆம்" என்று எழுதினேன். விபரம் தருக என்ற இடத்தில் ஒரு விரற்கடை நீளக் கோடுதான் இருந்தது. அதற்குள் பன்னிரண்டு ஆண்டு அடங்காது. ஆகவே வேறொரு தாள் எடுத்து, ஆண்டு, நீதிமன்றம், குற்றம், தண்டத் தொகை, அப்போதைய வயது, அதன் பின் ஒரு வழக்கும் இல்லாமை, முன்னைய விண்ணப்பத்தில் தவறாக எழுதியமை, அது எழுதிய விதம் எல்லாவற்றையும் எழுதி, தண்டம் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியையும் வைத்துத் தைத்தோம். மாமி பெட்டிக்குள் அந்தப் பற்றுச்சீட்டை இத்தனை ஆண்டும் பத்திரமாக வைத்திருந்தார். மச்சான் கையெழுத்திட்டார். மறுநாட் காலை கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பதிவுத் தபாலில் நானே போட்டுவிட்டு வந்தேன்.

மறுமொழி இன்னும் வரவில்லை.